மரத்தோடு கதையை நிறுத்திவிடாதீர்கள்

நிறுவனங்களில் தலைமைப் பயிற்சி நடத்தும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். பழங்காலச் சீனாவின் சின் நாட்டில் சட்டங்களை மாற்றியமைத்த அமைச்சர் ஷாங் யாங் நட்டுவைத்த மரக்கம்பத்தின் கதை உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அரசு சொன்னதைச் செய்யும் என்று மக்களுக்குக் காட்ட, சந்தையின் தெற்கு வாசலில் இருந்த அந்த மரத்தை வடக்கு வாசலுக்குக் கொண்டுபோனால் 10 பொன், யாரும் நம்பாததால் 50 பொன், தூக்கிப் போனவனுக்குச் சொன்னபடியே பரிசு. எங்கள் அலுவலகத்துக்கு வந்த உங்களில் ஒருவரும் இதைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம்.

கூடவே, ஷாங் யாங்கின் சட்டம் சின் நாட்டில் வீடுகளை ஐந்தைந்தாகக் குழு சேர்த்து, ஒருவர் தப்புக்கு மற்றவர்களையும் பொறுப்பாக்கியதைப் பாராட்டிச் சொன்னார். அடுத்த வாரமே நாங்கள் ஐவர் குழுக்களானோம். ஒருவர் தாமதித்தால் ஐந்து பேருக்கும் ஊக்கத்தொகை கிடையாது. எங்கள் குழுவில் ஒரு அக்கா, மகனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். ஐந்து பேர் பணமும் போனது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் தனியாக உட்கார ஆரம்பித்துவிட்டார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் இன்னும் உறுத்துகிறது.

கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அந்தச் சட்டங்களால் சின் வலுப்பெற்றது உண்மை. ஆனால் அண்டை வீட்டான் குற்றத்தைத் தெரிவிக்காதவனை இடுப்போடு வெட்டியதும் அதே சட்டம்தான். கி.மு. 338இல் தன்னை ஆதரித்த மன்னர் இறந்ததும் ஷாங் யாங் தப்பி ஓடினார். எல்லையோர விடுதியில் இடம் கேட்டார். அடையாளம் இல்லாதவரைத் தங்க வைத்தால் ஷாங் பிரபுவின் (அதாவது ஷாங் யாங்கின்) சட்டப்படி எனக்குத் தண்டனை என்று விடுதிக்காரர் மறுத்துவிட்டார். கடைசியில் ஷாங் யாங்கின் உடலைத் தேர்களில் கட்டிக் கிழித்தார்கள், குடும்பத்தையே அழித்தார்கள். இதையெல்லாம் எழுதி வைத்திருப்பவர் வரலாற்றாசிரியர் சிமா சியான். மரத்தின் கதையை நமக்குத் தந்தவரும் அவரே. ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுவது எப்படி நியாயமாகும்?

சின் அமைச்சர் சாங் யீயையும் பேச்சுவார்த்தைத் திறனுக்கு உதாரணமாகக் காட்டுகிறீர்கள். 600 லீ (பழைய சீனத் தூர அளவு) நிலம் தருவதாகச் சொல்லி சூ நாட்டை அதன் கூட்டாளியிடமிருந்து பிரித்துவிட்டு, நான் சொன்னது 6 லீ என்று கைவிரித்தவர் அவர். அதற்குப் பெயர் திறனா? கோபித்துப் போருக்குப் போன சூ வீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

சரி, தாமதம் என்ற என் விஷயத்துக்கு வருகிறேன். கி.மு. 221இல் சீனா முழுவதையும் பிடித்த சின் அரசு சுமார் 15 ஆண்டுகளே நின்றது. அதற்கு எதிரான முதல் கலகம் தாஸெசியாங் என்ற இடத்தில் வெடித்தது. எல்லைக் காவலுக்குப் போன 900 பேரை மழை மறித்தது. சிமா சியான் எழுதியபடி, தாமதித்தால் மரணம்தான் என்ற நிலையில், அவர்களில் இருந்த சென் ஷெங்கும் வூ குவாங்கும் மற்றவர்களைத் திரட்டி எழுந்தார்கள்.

அடுத்த மாதம் நீங்கள் மறுபடி வருவதாகச் சொன்னார்கள். மரத்தின் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். விடுதிக்காரரையும் அந்த மழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் மேலாளர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

மரியாதையுடன்,
ஐவர் குழுவில் ஒருவன்