மேட்டூர் நீர்மட்டத்தோடு கௌப் நீர்மட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் நதிக் கப்பல் பயணம் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் கண்ணைப் பறித்தன. பணம் கட்டப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விதான் அதில் இல்லை: ஆற்றில் தண்ணீர் இருக்குமா? அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் சேலத்துப் பெற்றோர்கள் 'அப்படியே ஒரு குரூஸும் போய்விட்டு வருவோம்' என்று சேர்த்துக்கொள்வதால் இதை எழுதுகிறோம்.

காலையில் பேப்பரைப் பிரித்ததும் மேட்டூர் அணை எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்று பார்ப்பது நம் மாவட்டத்துப் பழக்கம். ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பயணத்துக்கு அப்படிப் பார்க்க வேண்டியது கௌப் என்ற சிற்றூரின் நீர்மட்டம். பிங்கனுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் நடுவே ஆற்றடியில் பாறை; கப்பல் தடம் அங்கேதான் மேடு தட்டும். ஆனால் அளவுகோல் காட்டும் எண் ஆழம் அல்ல, பலரும் குழம்புவது இதில்தான். கௌப் 78 செ.மீ. காட்டினால் கப்பல் தடத்தில் சுமார் 1.90 மீட்டர் தண்ணீர் என்று கணக்கு. அதாவது காட்டும் எண்ணோடு 112 கூட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் கப்பலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் சுமார் ஒன்றரை மீட்டர் அமிழ்ந்திருக்கும். 2018 அக்டோபரில் கௌப் 25 செ.மீ. வரை இறங்கியது. கூட்டிப் பாருங்கள், கப்பல் ஏன் நின்றது என்று புரியும். 2022 ஆகஸ்ட்டிலும் 30-ஐ ஒட்டி வந்தது.

அப்படி நேர்ந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் பயணத்தை ரத்து செய்வதில்லை. கப்பலை ஒரே ஊரில் கட்டிவைத்துவிட்டு ஓட்டலாக நடத்துவார்கள். ஊர்களுக்கு பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அல்லது மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கப்பல், அந்தப் பக்கம் ஒரு கப்பல் என்று வைத்து, நடுவழியில் பெட்டி படுக்கையோடு மாற்றிவிடுவார்கள். 'நீர்மட்டம் காரணமாகப் பாதை மாறலாம்' என்ற வரி ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எத்தனை நாள் கப்பல் ஓடாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்பீடு இதற்குப் பணம் தரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

வெள்ளம் வந்தாலும் இதே கதைதான். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை போடுவதுபோல ரைனில் இரண்டு குறிகள் உண்டு. தண்ணீர் முதல் குறியைத் தொட்டால் வேகம் குறைத்து நடு ஆற்றில் போக வேண்டும். இரண்டாவது குறியைத் தொட்டால் போக்குவரத்தே நிற்கும். தண்ணீர் ஏற ஏறப் பாலத்துக்கு அடியில் இடமும் குறைந்துகொண்டே வரும். டானூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகளும் கூடும் பாசா நகரில் 2013 ஜூனில் வெள்ளம் 12.89 மீட்டரைத் தொட்டது.

ஆகவே மாதம் முக்கியம். ஆல்ப்ஸ் பனி உருகி வரும் மே, ஜூனில் ரைனில் பொதுவாகத் தண்ணீர் நிற்கும். நம் பள்ளி விடுமுறைக்கும் அது பொருந்தும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் கண்டம். எந்த ஆறு என்பதும் முக்கியம். மைன், மோசல் இரண்டிலும் வரிசையாகத் தடுப்பணைகள் இருப்பதால் வறட்சியிலும் மட்டம் நிற்கும். டிரெஸ்டன் பக்கத்து எல்பேயில் தடுப்பணையே கிடையாது. டானூபில் ஷ்ட்ராபிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரையும் அப்படித்தான். தடுப்பணை இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. 2024 டிசம்பரில் மோசலின் மியூடனில் சரக்குக் கப்பல் ஒன்று லாக் கதவில் மோதியதால் பிப்ரவரி தொடக்கம் வரை அந்த வழி அடைபட்டுக் கிடந்தது.

லாக் என்பது இரு முனையிலும் கதவு உள்ள நீர்த்தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை விட்டு அல்லது வடித்து, மேல் மட்டத்துக்கோ கீழ் மட்டத்துக்கோ கொண்டுபோவார்கள். ஏற்காடு மலைப்பாதைக்கு 20 கொண்டை ஊசி வளைவு என்றால், பாம்பெர்க்கிலிருந்து கெல்ஹைம் வரை 171 கி.மீ. ஓடும் மைன்-டானூப் கால்வாய்க்கு 16 லாக். 1992-ல் முடிந்த கால்வாய் இது. ஹில்போல்ட்ஷ்டைனில் ஒரே தூக்கில் 24.67 மீட்டர், ஏறத்தாழ 81 அடி. மேட்டூரின் 120 அடியில் மூன்றில் இரண்டு பங்கு. அதைக் காண இரவு என்றாலும் எழுந்து வரலாம். லாக்கின் அகலம் 12 மீட்டர், கப்பல் சுமார் 11.4; பக்கத்துக்கு ஒரு சாண் இடைவெளிதான். உரசலும் 'டம்' என்ற சத்தமும் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் மைன் பாதையைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பாதையில் பாலங்களும் தாழ்வு. கேப்டன் அறையையே கீழே இறக்கி, மொட்டை மாடியை நாள்கணக்கில் பூட்டிவைப்பார்கள்.

பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன் இன்னொன்றும் யோசியுங்கள். துறைகளில் இடம் குறைவு என்பதால் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டுவார்கள். நீங்கள் திரையை விலக்கினால் எதிர்க் கப்பல்காரர் பல் துலக்குவது தெரியும். மிக அடித்தளத்து அறையில் ஜன்னல் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும், திறக்காது. கோட்டைகளை எப்படியும் மேல்தளத்திலிருந்துதான் பார்க்கப் போகிறோம் என்பவருக்கு அதுவே போதும்.

கோட்டைகள் நெருங்கி நிற்பது ரூடெஸ்ஹைம் முதல் கோப்லென்ஸ் வரை. யுனெஸ்கோ 2002-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 65 கி.மீ. பள்ளத்தாக்கு இதுதான். இதைப் பகலில் கடக்கிறார்களா என்று கேளுங்கள். நீரோட்டத்தோடு நான்கு மணி நேரம், எதிர்த்துப் போனால் ஆறு மணி நேரம். எனவே கொலோனிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்துத் தெற்கே போகும் கப்பலே பார்ப்பவருக்கு லாபம். கரையில் பெரிய கிலோமீட்டர் எண்கள் எழுதியிருக்கும்: 546-ல் கௌப், 554-ஐத் தாண்டினால் 132 மீட்டர் உயர லோரலை பாறை.

பட்டியலில் உள்ள ஊரெல்லாம் கரையில் இல்லை. ரோத்தன்பெர்குக்கு வூர்ஸ்பெர்கிலிருந்து பஸ். ஹைடெல்பெர்குக்குப் பெரும்பாலும் மன்ஹைமிலோ ஷ்பையரிலோ இறக்கி பஸ். நியூரம்பெர்கில் கப்பல் நிற்கும் துறையே பழைய நகரிலிருந்து சில கி.மீ. தள்ளி. இவை கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று பாருங்கள். பழமை என்பதிலும் வேறுபாடு உண்டு. 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் உள்ள ரேகன்ஸ்பர்கும், பாம்பெர்கும் போரில் பெரிதாக அழியாதவை. வூர்ஸ்பெர்க் 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் எரிந்து, மறுபடி எழுப்பப்பட்ட ஊர். ஆனால் அரண்மனையில் பால்தசார் நொய்மான் கட்டிய படிக்கட்டு மண்டபத்தின் கூரை தாங்கி நின்றது, அதிலுள்ள இத்தாலிய ஓவியர் டியெபோலோவின் ஓவியத்தோடு. ஒரே ஒரு அரண்மனைக்குத்தான் முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் இதையே தேர்ந்தெடுக்கலாம். கொலோன் தேவாலயக் கோபுரத்துக்கு 533 படி, லிப்ட் இல்லை. மார்க்ஸ்பர்க் கோட்டைக்குள் கரடுமுரடான பாறைப் படிகள். தெருக்களில் கருங்கல் பாவியிருப்பதால் வழுக்காத ஷூ கட்டாயம்.

விசாவில் தவறு நேர்வது ஓரிடத்தில். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஏறி சுவிட்சர்லாந்தின் பாசலில் இறங்கினால், பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் ஒவ்வொரு இரவும் எங்கே நிற்கும் என்ற பட்டியலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.

சாப்பாட்டில் 'சைவம்' என்று மட்டும் சொன்னால் முட்டை வரும், சூப்பில் இறைச்சிச் சாறும் இருக்கலாம். முட்டை, மீன், இறைச்சிச் சாறு வேண்டாம், பாலும் தயிரும் வேண்டும் என்று பிரித்து எழுதி முன்கூட்டியே அனுப்புங்கள். அறையில் ரைஸ் குக்கரையும் கெட்டிலையும் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிப்பதில்லை.

ஒரு வாரம் கப்பலில் தங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரூடெஸ்ஹைமில் பகல் படகு ஏறி சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனில் இறங்கி, அதே கரையில் ரயிலில் திரும்பினால் லோரலை உட்பட நல்ல பகுதி ஒரே நாளில் முடிந்துவிடும். பிள்ளைகள் பிராங்பர்ட் பக்கம் இருந்தால் இது போதும். கௌப் அளவை ஜெர்மன் நீர்வழித் துறையின் எல்விஸ் (ELWIS) இணையதளத்தில் தினமும் இலவசமாகப் பார்க்கலாம். அடுத்த முறை இத்தகைய கட்டுரை போடும்போது தாங்கள் அந்த ஒரு வரியையாவது சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பயண ஏற்பாட்டாளர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்.