படகை விரட்டிய பாலம்

சான் ரஃபேல்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி. ஆனால் மூன்றாவது வாரமே மாடிப்படி ஏறி வற்றல் காயப்போட்டதாகவும் எழுதியிருக்கிறாய். ஏல, அந்த வீட்டில் உன்னை விட்டால் வற்றல் காயப்போட ஆளே இல்லையா?

இங்கே எல்லாரும் சுகம். மகளும் மாப்பிள்ளையும் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டால் மதியம் வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. பஸ் ஏறி, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போய்விட்டு வருகிறேன். 65 தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். ஊரில் பேரன் பைக்குக்குப் பின்னால் உட்காரவே பயப்பட்டவன், இங்கே தனியாகச் சுற்றுகிறேன்.

பாலத்தைப் படத்தில் ஆயிரம் தடவை பார்த்தாச்சு, அந்த டோல் காசு யார் கைக்குப் போகிறது, அதைச் சொல் என்று கேட்டிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் டிப்போவில் கலெக்‌ஷனை எண்ணியவன் வேறு என்ன கேட்பாய்! நான் வந்த மறுநாளே அதே கேள்வியை மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் நானே நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் உனக்குப் பிடிக்கப்போகிற சேதி, அந்தக் காசில் சுமார் பாதி பஸ்ஸுக்கும் படகுக்கும் போகிறது. நான் ஏறுகிற பஸ், பாலத்துச் சொந்தக்காரனின் பஸ்.

கோல்டன் கேட் பாலத்தை நடத்துவது கலிஃபோர்னியா அரசு இல்லை, சான் பிரான்சிஸ்கோ மாநகராட்சியும் இல்லை. அதற்கென்றே 1928-இல் தனியாக ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். 'டிஸ்ட்ரிக்ட்' என்று பெயர். நம்மூர் மாவட்டம் மாதிரி கலெக்டர், தாலுகா எல்லாம் கிடையாது. பல கவுண்டிகள் (நம்மூர் மாவட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர்) சேர்ந்து ஒரே ஒரு வேலைக்காகப் போட்ட கூட்டு என்று வைத்துக்கொள். அந்த ஒரே வேலை பாலம் கட்டுவது.

பணம் எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1930 நவம்பரில், ஊரே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது, 3 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் போடலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். ஜாமீனாக வைக்க வேண்டியது அவரவர் வீடு, தோட்டம், கடை. வேண்டும் என்றவர்கள் வேண்டாம் என்றவர்களைப் போல மூன்று மடங்கு. பத்திரம் போட்ட பிறகும் வாங்க ஆள் வரவில்லை. கடைசியில் பாங்க் ஆஃப் அமெரிக்காவை உருவாக்கிய ஜியானினி வாங்கிக் கை கொடுத்தார். 1933 ஜனவரியில் வேலை ஆரம்பித்து, 1937 மே 27-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். முதல் நாள் நடக்கிறவர்களுக்கு மட்டும், மறுநாள் வண்டிகளுக்கு. அன்றைக்குக் காருக்கு ஒரு தடவை போக 50 சென்ட். 2025 ஜூலையில், டோலுக்கென்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கே 9 டாலர் 75 சென்ட் ஆகிவிட்டது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவுக்குள் வரும்போது மட்டும்தான் வாங்குகிறார்கள், திரும்பிப் போக இலவசம். 1968-இலிருந்தே அப்படித்தான்.

சரி, இதில் வீட்டை அடகு வைத்தவர்கள் யார் யார் என்று பார். சான் பிரான்சிஸ்கோ, பக்கத்தில் நாங்கள் இருக்கிற மரின், அதற்கு வடக்கே சொனோமா, அப்புறம் நாப்பாவிலும் மெண்டசினோவிலும் ஒரு பகுதி. இதுவரைக்கும் சரி. ஆறாவதாக டெல் நோர்ட்டே என்று ஒரு கவுண்டி. அது ஓரிகன் எல்லையில் இருக்கிறது. பாலத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், பாளையங்கோட்டையிலிருந்து மெட்ராஸ் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பாலம் வந்தால் செம்மரக் காடு பார்க்க (நம் செம்மரம் இல்லை, வானத்துக்கு வளர்கிற ரெட்வுட்) ஜனங்கள் காரில் வருவார்கள் என்று நம்பி அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்தார்கள். இன்றைக்கும் நிர்வாக வாரியத்தின் பத்தொன்பது நாற்காலியில் ஒன்று அவர்களுடையது. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒன்பது, மரினுக்கு நான்கு, சொனோமாவுக்கு மூன்று, மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று. தினசரி பாலத்தைத் தாண்டுகிற ஒரு ஆள்கூட டெல் நோர்ட்டேயில் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் டோல் எவ்வளவு, எந்த பஸ்ஸை நிறுத்துவது என்று அவர்கள் பிரதிநிதியும் கை தூக்குகிறார். அன்றைக்கு ஜாமீன் போட்டோமே என்பதுதான் உரிமை. எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. உனக்கு என்ன தோன்றும் என்று யூகிக்க முடியவில்லை.

இப்போது படகுக் கதைக்கு வருகிறேன். பாலம் வருவதற்கு முன்னால் மரினிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக ஃபெரிதான் வழி. காரையே ஏற்றிக்கொண்டு போகிற படகுகள். அந்தத் தொழில் சதர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனியின் கையில் இருந்தது. பாலம் வந்தால் பிழைப்புப் போகும் என்று அவர்கள் கோர்ட்டுக்குப் போனதில் வியப்பில்லை. 1932-இல் தோற்றார்கள். ஊர்க்காரர்கள் படகைப் புறக்கணிக்கவும் கிளம்பிவிட்டதால் மேல்முறையீட்டையும் விட்டுவிட்டார்கள். பாலம் திறந்து நாலே வருஷம், 1941-இல் மரின் கரையில் இருக்கிற சாசலிட்டோவுக்குப் போன கடைசிப் படகும் நின்றது.

பாலத்தின் கடன் 1971-இல் தீர்ந்தது. அசல் 3 கோடியே 50 லட்சம், வட்டி கிட்டத்தட்ட 3 கோடியே 90 லட்சம், எல்லாம் டோல் காசிலிருந்தே. அடகு வைத்த வீடு எதையும் யாரும் இழக்கவில்லை. இந்த இடத்தில் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கடன் தீர்ந்துவிட்டதே, அப்புறம் எதற்கு வசூல்? நம் ஊர்ப் பக்கத்துச் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் போட்ட காசைத்தான் எப்போதோ எடுத்தாச்சே என்று திட்டுவாயே, அதே கேள்வியை இங்கேயும் கேட்டிருக்கிறார்கள். வேலை முடிந்துவிட்டது, அமைப்பைக் கலைத்துப் பாலத்தை மாநில அரசிடம் கொடுத்துவிடலாம் என்று பேச்சும் இருந்தது. இந்த விரிகுடாவில் டோல் வாங்குகிற மற்ற ஏழு பாலங்களும் மாநில அரசுடையவைதான்.

அவர்கள் கலைக்கவில்லை. கடன் தீர்வதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, 1969-இல், வேறு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அப்போது பாலத்தில் கார் நெரிசல் தாங்கவில்லை. ஆறு தடம்தான், அகலப்படுத்த வழி கிடையாது. கீழே இன்னொரு தளம் போடலாமா என்று யோசித்தார்கள், நடக்கவில்லை. விரிகுடாவின் பெரிய ரயில் திட்டத்திலிருந்து மரின் 1962-லேயே விலக வேண்டி வந்ததால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆகவே மாநில சட்டமன்றம் இந்த அமைப்பின் பெயரில் 'போக்குவரத்து' என்ற சொல்லையும் சேர்த்து, பஸ்ஸும் படகும் விட அதிகாரம் கொடுத்தது. 1970 ஆகஸ்டில் சாசலிட்டோவுக்குப் படகு திரும்ப வந்தது. கோர்ட்டில் நின்று படகுக் கம்பெனியைத் தோற்கடித்த அதே அமைப்புதான் ஓட்டியது! 1972 ஜனவரி 1-ஆம் தேதி கிரேஹவுண்ட் கம்பெனியிடமிருந்து தினசரிப் பயணிகளின் பஸ்களையும் எடுத்துக்கொண்டது. அந்த வருஷங்களில்தானே உங்கள் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகமும் பிறந்தது? ஒரே வயசுக்காரர்கள்.

உண்மையான நல்லெண்ணமா, நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வேலையைத் தேடிப் பிடித்தார்களா என்று நான் ரொம்ப யோசித்தேன். இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் படுகிறது. கையில் வசூல் வந்துகொண்டிருக்கிற எந்த ஆபீஸ் தன்னைத்தானே மூடியிருக்கிறது, சொல்லு. ஆனால் அந்த ஆசையால்தான் கார் இல்லாத என்னைப் போன்ற கிழவன் அந்தப் பக்கம் போய்வர முடிகிறது. அதனால் திட்ட மனசு வரவில்லை.

இதிலே ஒரு கோளாறு இருக்கிறது. அதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கும் படகுக்கும் இவர்களுக்கென்று தனி வரி எதுவும் கிடையாது. பக்கத்து ஊர்ப் போக்குவரத்துகள் பலவற்றுக்கு அவற்றுக்கென்றே போட்ட உள்ளூர் விற்பனை வரி வருகிறது, இவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அரசு மானியமும் டிக்கெட் காசும் வந்தாலும் முதுகெலும்பு டோல்தான். ஒரு ஆள் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் நல்லது என்றுதானே பஸ் விட்டார்கள்? அப்படி ஏறினால் அந்தக் காரின் டோல் போச்சு. பஸ் ஜெயிக்க ஜெயிக்க, பஸ்ஸை ஓட்டுகிற காசு குறையும். நீ எத்தனையோ நஷ்ட ரூட்டுகளைப் பார்த்திருப்பாய். கூட்டம் ஏறினால் முதலாளிக்கு வயிற்றைக் கலக்குகிற ரூட்டைப் பார்த்திருக்கிறாயா?

2020-இல் கொரோனா வந்தபோது இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தது. கார் குறைந்தது, அதைவிட மோசமாகப் படகும் பஸ்ஸும் காலியாயின. மத்திய அரசின் நிவாரணப் பணத்தில்தான் மூச்சு விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ ஆபீஸ்காரர்களில் பல பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள், பழைய கூட்டம் இன்னும் திரும்பவில்லை. அதனால்தான் 2024-இலிருந்து ஐந்து வருஷம், வருஷத்துக்கு 50 சென்ட் டோல் ஏற்றுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்களுடைய வாரியக் கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தேன். யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. 1953-இல் வந்த மாநிலச் சட்டம் ஒன்று உண்டு, அதன்படி என்ன பேசப்போகிறோம் என்பதை 72 மணி நேரம் முன்னாலேயே வெளியில் ஒட்ட வேண்டும். ஒட்டாத விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது. பொதுமக்களில் யாரும் எழுந்து ஆளுக்குச் சில நிமிடம் பேசலாம். நான் போன அன்றைக்குப் பெரும்பாலும் டெண்டர், பெயிண்ட், சம்பளக் கணக்கு. பாதியில் தூங்கிவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

எல்லாக் கூட்டமும் அப்படி இல்லை. பாலத்திலிருந்து குதித்து உயிரை விட்டவர்களின் அப்பா அம்மாக்கள் வருஷக்கணக்காக இதே மாதிரிக் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அழகு கெடும், செலவாகும் என்று தட்டிக் கழித்த காலம் நீளமானது. 2008-இல்தான் பாலத்தின் இரண்டு பக்கமும் கீழே இரும்பு வலை கட்டுவது என்று வாரியம் முடிவெடுத்தது. அதற்குப் பணம் சேர 2014 ஆயிற்று, 7 கோடியே 60 லட்சம் டாலர் என்று மதிப்பீடு. கட்டி முடித்தது 2024 ஜனவரியில். செலவு 20 கோடியைத் தாண்டிவிட்டது. எஸ்டிமேட் நம்மூரில் மட்டும்தான் ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே! பஸ் ஜன்னலிலிருந்து அந்த வலை கண்ணில் படாது. நடந்து போகும்போது கைப்பிடியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், சும்மா விரிந்து கிடக்கிறது. அதற்கு மேல் அங்கே நிற்கத் தோன்றவில்லை.

உனக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். காலையில் ஊருக்குள் வருகிற கூட்டத்துக்கு நாலு தடம், மாலையில் வேறு கணக்கு. முன்னெல்லாம் இதற்காக வண்டிக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சாலையில் கையால் செருகிக்கொண்டே போவாராம், பக்கத்தில் கார்கள் பறக்க. 2015 ஜனவரியிலிருந்து ஒரு மஞ்சள் வண்டி வந்து கனமான தடுப்புச் சுவரையே ஜிப் இழுப்பது போல ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்த்திவிட்டுப் போகிறது. அதைப் பார்ப்பதற்காகவே பேத்தியை ஒரு நாள் கூட்டிப்போனேன். அவளுக்கு ஐஸ்கிரீம்தான் பிடித்தது.

பஸ் டிக்கெட் சேர்க்கிறாயே, அதற்காகக் கேட்டுப் பார்த்தேன். இங்கே கார்டைத் தட்டிவிட்டு ஏறுகிறார்கள், கிழித்துக் கொடுக்கிற டிக்கெட் கிடையாது. கால அட்டவணை ஒன்று அச்சடித்தது கிடைத்தது, கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் 101-ஆம் நம்பர் ரூட்டைப் பார். சாண்டா ரோசாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை. நடுவில் எங்கே டீக்கு நிறுத்துவார்கள் என்று தேடாதே, நிறுத்த மாட்டார்கள்.

தை பிறப்பதற்குள் ஊர் வந்துவிடுவேன். அதுவரைக்கும் மாடிப்படி வேண்டாம்.

அன்புடன்,
கணபதி