“டீலரை அணுகவும்” என்று எழுதும் இடத்தில் அளவை எழுதுங்கள்

மோட்டார் சைக்கிள் நிறுவனங்களில் உரிமையாளர் கையேட்டை எழுதுபவர்களுக்கும், அதில் எது இருக்கலாம் எது கூடாது என்று முடிவெடுப்பவர்களுக்கும், வண்டியை வீட்டிலேயே பிரித்துப் பூட்டும் எங்கள் வணக்கம்.

புது வண்டியோடு நீங்கள் தரும் புத்தகத்தில் ஹெல்மெட் போடச் சொல்லும் பக்கம் இருக்கிறது. பேட்டரி அமிலம் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதும் இருக்கிறது. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் வால்வு இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று தேடினால் “டீலரை அணுகவும்”. பின் அச்சு நட்டை எவ்வளவு முறுக்குவது? அதற்கும் அதே பதில். செயின் எந்த அளவு நீண்டால் தூக்கிப் போட வேண்டும் என்பதற்கும் அதேதான். இந்த எண்கள் எல்லாம் உங்கள் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கின்றன. நாங்கள் கேட்பது அவற்றில் ஒரு பக்கத்தை மட்டும்தான்.

எண் தெரியவில்லை என்பதற்காக யாரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் போவதில்லை. கைக்குத் தோன்றிய அளவில் முறுக்குகிறார்கள். எஞ்சின் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு போல்ட், அது பூட்டும் எஞ்சின் கூடு அலுமினியக் கேஸ். 12 மி.மீ. மரை உள்ள போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 25 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 13 கிலோ இழுவை, அவ்வளவுதான். தரையில் குந்தி இரண்டு கையாலும் இழுத்தால் அதில் இரண்டு மடங்கு சர்வ சாதாரணமாக வந்துவிடும். முதல் தடவை ஒன்றும் ஆகாது. போல்ட்டைச் சுற்றி லேசாக ஆயில் கசியும். கசிகிறதே என்று அடுத்த தடவை இன்னும் இறுக்குவார்கள். மூன்றாவது ஆயில் மாற்றத்தில் போல்ட்டைக் கழற்றினால் கேஸின் மரை கம்பிச்சுருள் மாதிரி போல்ட்டோடு சுற்றிக்கொண்டு வெளியே வரும். பிறகு துளையைப் பெரிதாக்கி, புது மரையாக ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் போட வேண்டியதுதான்.

இதில் கசிவு தொடங்கியதே பழைய வாசரால் என்பதை உங்கள் புத்தகம் சொல்வதில்லை. நசுங்கி மூடுவதற்காகச் செய்த செம்பு அல்லது அலுமினிய வாசர் ஒரு முறை நசுங்கினால் இறுகிவிடும். இரண்டாம் முறை அதே மாதிரி நசுங்கிக் கொடுக்காது. “ஒவ்வொரு முறையும் புது வாசர், உள் விட்டம் இத்தனை, முறுக்கு இத்தனை” என்று ஒரு வரி இருந்தால் ஒரு கேஸ் பிழைக்கும்.

ஆயில் அளவும் அப்படித்தான். வடித்து ஊற்ற, ஃபில்டரோடு மாற்ற, எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பூட்ட என்று மூன்று அளவுகள் உண்டு. சில கையேடுகளில் மூன்றாவது மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்து ஊற்றினால் மட்டம் மேல் கோட்டைத் தாண்டும், மிகுதி எஞ்சின் மூச்சுவிடும் பிரீத்தர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும். அளவுக் குச்சியைத் திருகிப் பார்ப்பதா, துளையில் சும்மா வைத்துப் பார்ப்பதா? இது வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்ச் உள்ள வண்டிக்கு ஜாஸோ என்ற ஜப்பானியத் தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 ஆயில் ஏன் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கிறது, அது கிளட்ச் பிளேட்டை வழுக்கவிடும். காரணம் புரிந்தவர் டப்பாவை மாற்றி வாங்க மாட்டார்.

எங்களுக்கு அதிகமாக ஆத்திரம் வருவது வால்வு விஷயத்தில்தான். “டாப்பெட் சத்தம் வருது” என்று காதால் கேட்டு, சத்தம் அடங்கும்வரை வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூவை இறுக்கும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அடங்கிய எஞ்சின் கேட்க இதமாக இருக்கும். ஆனால் சத்தம் போடும் வால்வைவிட ஆபத்தானது சத்தம் போடாத வால்வு. ஓட ஓட வால்வும் அதன் இருக்கையும் தேய்ந்து, வால்வு மேலே ஏறி, இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் அது முழுக்க உட்காராது, எரிந்த வாயு விளிம்பைத் தின்றுவிடும். கம்ப்ரஷன் போகும், ஐட்லிங்கில் எஞ்சின் அணைந்து அணைந்து போகும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். அப்போதும் டாப்பெட் சத்தம் வராது.

ஸ்க்ரூ வகை டாப்பெட்டை வீட்டில் சரிபார்க்க, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஒரு ஃபீலர் கேஜ், இரண்டு ஸ்பேனர், கொஞ்சம் பொறுமை போதும். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் லேசாகச் சுழலும். எஞ்சினின் பக்கத்தில் உள்ள மேக்னெட் மூடியின் இரண்டு திருகுமூடிகளையும் எடுத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே சாக்கெட்டால் திருப்பி, பிஸ்டன் உச்சியில் நிற்பதைச் சொல்லும் ‘டி’ குறியைக் காட்டியோடு சேர்க்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ‘டி’ குறி ஒவ்வொரு சுற்றுக்கும் வரும், வால்வு இரண்டும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் முடிவு ஒன்றுவிட்டு ஒரு சுற்றில்தான் வரும். வால்வை அழுத்தும் ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டினால் துளியாவது ஆட வேண்டும். ஆடாமல் விறைத்து நின்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அப்போதும் ஆடவில்லை என்றால் இடைவெளியே இல்லை என்று அர்த்தம். கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போல வழுக்கவும் கூடாது, பிடுங்கி எடுக்கவும் கூடாது. லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே ஒரு மயிரிழை திரும்பிவிடும். ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்த்தால்தான் வேலை முடிந்தது.

இத்தனையும் செய்யத் தெரிந்தவரிடம் இல்லாதது இரண்டே எண்கள்: இன்லெட் எவ்வளவு, எக்ஸாஸ்ட் எவ்வளவு. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் இன்லெட் 0.05 முதல் 0.10 மி.மீ. வரை, எக்ஸாஸ்ட் அதைவிடச் சற்று அதிகம் என்பது பொதுவான நிலை. பொதுவான நிலையை வைத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஸ்க்ரூவுக்குப் பதில் சின்னத் தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் வகை வால்வுக்குக் கேம் ஷாஃப்டையே கழற்ற வேண்டியிருக்கும், அதை எல்லோரும் வீட்டில் செய்யட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அளந்து பார்க்கவாவது எண் வேண்டும்.

செயினுக்கு நீங்கள் எண் தருகிறீர்கள், 25 முதல் 35 மி.மீ. தளர்வு என்பது போல. நன்றி. ஆனால் எங்கே அளப்பது என்பதைப் பாதிதான் சொல்கிறீர்கள். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொங்கும். இறுகும் இடத்தில்தான் அளக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக அதிகமாக இழுபடும். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் அந்தக் கோட்டைத் தொடும். நிறுத்தி வைத்த வண்டியில் ‘தொளதொள’ என்று தெரிவதை ஒட்ட இறுக்கினால், பள்ளத்தில் அந்த இழுவை முழுக்க கியர் பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கில் இறங்கும். முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் ஆயில் சீல் ஒழுகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

428 செயினில் ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ.; புதிதில் 20 கண்ணிகள் சரியாக 254 மி.மீ. அளப்பது எல்லோராலும் முடியும், எந்த எண்ணில் மாற்றுவது என்பதை மட்டும் எழுதுங்கள். ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் கோடுகளை அப்படியே நம்பாமல், அச்சு மையத்துக்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட் மையத்துக்கும் இடையே இரு பக்கமும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நட்டை இறுக்கும்போது தளர்வு மாறிவிடும், திரும்ப அளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக் விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. தெரியாதவர் கை வைக்கக் கூடாது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரேக் ஆயிலை ஏன் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று விளக்கினால் மாற்றுவார்கள், “மாற்றவும்” என்றால் தள்ளிப்போடுவார்கள். டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர் சுமார் 3.7 சதவீதம் ஆனபின் அதற்குத் தர விதி கேட்பது 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில், பேட்களை அழுத்தும் காலிப்பர் சூடாகும்போது அந்த நீர் ஆவியாகி, லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டிக்கொள்ளும். புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே மாஸ்டர் சிலிண்டரில் திரவம் ஏறி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட் உரியும். பேட் மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும்வரை அழுத்தி அழுத்தி விட வேண்டும். இந்த மூன்றும் உங்கள் எச்சரிக்கைப் பெட்டிகளில் இருக்க வேண்டியவை. ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் பிரேக்கில் புகுந்த காற்றை எடுக்கக் கணினிக் கருவி இல்லாமல் முடியாது. அங்கே “டீலரை அணுகவும்” என்று போடுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. அந்த வரியை அப்போது மதிப்போம்.

ஸ்க்ரூ பற்றி ஒரு சின்ன முறையீடு. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. தலையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அந்தக் குழியின் அடிவரை போகாமல், அழுத்தித் திருகும்போது மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். மாஸ்டர் சிலிண்டர் மூடி ஸ்க்ரூக்கள் எத்தனை இப்படிப் போயிருக்கின்றன! சீட்டுக்கடியில் நீங்கள் வைக்கும் கருவிப் பையில் ஒரு நல்ல ஜிஸ் திருப்புளி வையுங்கள். இப்போது வைப்பது தகரம்.

எஞ்சின் விளக்கு எரிந்தால், என்ன பழுது என்று சொல்லும் எண்ணை, அதாவது எரர் கோடை (code), பார்க்கும் வழியையும் திறந்துவிடுங்கள். சில வண்டிகளில் சர்வீஸ் கனெக்டரின் இரண்டு ஒயரை இணைத்தால் விளக்கு சிமிட்டியே சொல்லிவிடுகிறது, நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று. புதிய வண்டிகளில் ஐஎஸ்ஓ 19689 தரத்தின்படி கனெக்டரே பொதுவாகிவிட்டது. அந்த எரர் கோடுகளின் அர்த்தம்தான் புத்தகத்தில் இல்லை.

வீட்டில் ஒருவர் தவறாகப் பூட்டி விபத்தானால் பொறுப்பு யாருக்கு என்று உங்கள் சட்டப் பிரிவு கேட்கும். தவறாகப் பூட்டுவதற்கு எண் இல்லாததே காரணம் என்பதைத்தான் மேலே சொன்னோம். உத்தரவாதம் போய்விடும் என்று மிரட்டுவதும் எல்லா இடத்திலும் எடுபடாது. நிறுவனத்தின் பெயர் போட்ட பாகம், சர்வீஸ் இரண்டையும் காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாதபடி அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 168/2013 விதி, இரு சக்கர வண்டிகளின் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தரச் சொல்கிறது.

புதுப் புத்தகம் அச்சடிக்க நாளாகும் என்றால், டயர் காற்றும் செயின் தளர்வும் போட்டு ஸ்விங் ஆர்மிலோ செயின் கார்டிலோ ஒட்டுகிறீர்களே, அந்த ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள். அதன் அடியில் இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது. டிரெயின் போல்ட், பிளக், பின் அச்சு நட்டு, வால்வு இரண்டு: ஐந்து எண்கள் அதில் அடங்கும்.

இப்படிக்கு,
வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப் பூட்டுபவர்கள்