கீழ்வீட்டு வைஃபை

பெர்லின்,
16-11-2014

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இன்னும் இருக்கிறது.

இன்றோடு மூன்று ஞாயிறு நான் ஸ்கைப்பில் வரவில்லை. போனில் 'நெட் சரியில்லை' என்று சொன்னது முழு உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கே வீட்டுக்கு நெட் லைன் வாங்கப் பெரும்பாலும் 2 வருஷ ஒப்பந்தம் போடவேண்டும். அப்புறம் ஆள் வந்து மாட்டிக் கொடுக்கச் சில வாரம் ஆகும். வந்த அன்று லேப்டாப்பைத் திறந்தால் பத்துப் பன்னிரண்டு வைஃபை தெரிந்தது. ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் பூட்டு. அந்த ஒன்றைத் தொட்டதும் ஒட்டிக்கொண்டது. அக்டோபர் முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்ததெல்லாம் அதில்தான். கீழ்மாடியில் தனியாக இருக்கும் பாட்டியின் வாசலைக் கடக்கும்போது சிக்னல் முழுதாக ஏறும். யாருடையது என்று அதிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. அடுத்த வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்தால் வற்றியா போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னோடு தங்கியிருக்கும் பையன் அதே இணைப்பில் டோரன்ட் போட்டு ஒரு படம் இறக்கினான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். மறுவாரம் வகுப்பில் ஒருவர் தனக்கு வந்த கடிதத்தைக் காட்டினார். இங்கே அதற்கு 'ஆப்மானுங்' என்று பெயர். படத்தின் உரிமைக்காரர் சார்பில் வக்கீல் அனுப்புவது. இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடு, பல நூறு யூரோ கட்டு என்று இருந்தது. டோரன்ட்டில் நாம் இறக்கும்போதே நம்மிடமிருந்து மற்றவர்களுக்கும் துண்டு துண்டாகப் போகிறதாம். அதைக் கவனித்து, எந்த இணைப்பிலிருந்து போகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரிவது இணைப்பு மட்டும்தான், விசையைத் தட்டிய கை தெரியாது. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தபாலாபீஸில் எத்தனை வருஷம் இருந்தீர்கள்! நாங்கள் செய்தது, உறையில் அனுப்புநர் என்று பாட்டியின் முகவரியை எழுதிப் பெட்டியில் போட்ட மாதிரி.

2010 மே மாதம் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த நேரத்தில் அவருடைய வைஃபை வழியாக ஒரு பாட்டு பகிரப்பட்டது. அவர் நஷ்டஈடு தரவேண்டியதில்லை, ஆனால் வைஃபையைச் சரியாகப் பூட்டாதது அவர் பொறுப்பு என்றது தீர்ப்பு. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு எங்களுடையது, கடிதம் வந்தால் வருவது பாட்டிக்கு.

வேண்டுமென்றே திறந்து வைப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 'ஃப்ரைஃபுங்க்' என்று ஒரு தன்னார்வக் கூட்டம், 10 வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. வீட்டு ஜன்னலிலும் கூரையிலும், சில தேவாலயக் கோபுரங்களில்கூட கருவி வைத்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டிருக்கிறார்கள். இந்தச் சட்டத் தொல்லைக்குப் பயந்து சிலர் இணைப்பை ஸ்வீடன் வழியாகச் சுற்றி அனுப்புகிறார்களாம். வைஃபையின் பெயரிலேயே ஃப்ரைஃபுங்க் என்று இருக்கும். அது வழிப்போக்கர் உட்காருவதற்கென்றே கட்டிய திண்ணை. பாட்டியுடையது தாழ்ப்பாள் போட மறந்த கதவு. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரைஃபுங்க் எங்கள் தெருவரை எட்டவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

அக்டோபர் கடைசியில் கீழே போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன், படத்தையும் சேர்த்து. தன் வைஃபை பூட்டாமல் இருந்ததே அவருக்குத் தெரியாது. பேரன் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போனானாம். அவர் கத்தவில்லை. வாசலில் இருந்த அழைப்பு மணியைக் காட்டி, "இதை ஏன் அடிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா, அப்போது எதிர்வீட்டு வாத்தியார் வீட்டு போன்தான் ஞாபகம் வந்தது. நமக்கு பி.பி. நம்பர் அதுதானே. அவர்கள் கூப்பிட்டால்தான் போவோம். நாமாகப் பேசப் போனால் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவீர்கள், பேசி முடித்ததும் போன் பக்கத்தில் காசு வைப்பீர்கள். மாமி வேண்டாம் என்று சொன்னாலும் வைப்பீர்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்ற பிள்ளை நான்.

மறுநாள் பேரன் வந்து கடவுச்சொல் போட்டுவிட்டார். எங்களுக்குத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடிதம் ஏதாவது வந்தால் பணம் நாங்கள் கட்டுகிறோம் என்று எங்கள் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. தினமும் கீழே தபால்பெட்டிகளைத் தாண்டும்போது பாட்டியின் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுகிறேன்.

எங்கள் லைனுக்கு 28-ஆம் தேதி ஆள் வருகிறார். 30 ஞாயிறு, நம்மூர் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கைப்பில் வருவேன். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
குமார்