டாக்டரிடம் ஊர்ப் பேரைச் சொல்லு

அன்பு மகளுக்கு,

அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கோபிக்காதே. பொங்கலுக்கு நீ வராதபோதே, குழந்தை தள்ளிப்போகிற கவலை உனக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையும் "எல்லாம் நல்லா இருக்கு மாமா" என்று போனை வைத்துவிடுகிறார்.

சரி, நான் எதுவும் கேட்கப்போவதில்லை. எந்த டாக்டரைப் பார்த்தாலும் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வளர்ந்தவள் என்று சொல்லு. கிணற்றுத் தண்ணீர் குடித்ததைச் சொல்லு.

அங்கிருந்த குரோமிய ரசாயனக் கம்பெனி மூடியபோது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சளாகக் கசியும், நீயும் தம்பியும் நின்று வேடிக்கை பார்ப்பீர்கள். அந்தக் கழிவில் இருக்கிற ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் என்ற நச்சு வகை புற்றுநோய் தரும் என்று 1990-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சொல்லிவிட்டது. ஊரில் அந்தப் பயத்தைத்தான் பேசினோம். ஹார்மோனையும் கெடுக்கும் என்று யாரும் பேசவில்லை.

2008-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டின் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பால் கொடுக்கும் தாய் எலிகளுக்கு இந்தக் குரோமியம் கலந்த தண்ணீர். பால் குடித்த பெண் குட்டிகள் பருவத்துக்கு வருவது தள்ளிப்போனது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற பெண் ஹார்மோன்கள் குறைந்து, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா குடித்தது நம் கிணற்றுத் தண்ணீர்தான்.

எலிக்குக் கொடுத்த அளவு மிக அதிகம். உனக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர் பார்க்கட்டும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் சென்டம் வாங்கியவளுக்கு நான் விளக்கவா வேண்டும்? தெருவே பேசியது அப்போது. அவ்வளவு படித்தவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

அந்த வீட்டில் யாராவது உன்னைக் குறை சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு. குடித்த தண்ணீருக்கு நீ பொறுப்பில்லை கண்ணு.

நெல்லிக்காய் அனுப்பியிருக்கிறோம். அந்த ஆய்வில், நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி-யும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்குப் பாதிப்பு குறைந்ததாம். அதுவே மருந்து என்று இருந்துவிடாதே, டாக்டரிடம் போ. ஊர்ப் பேரைச் சொல்லு.

அடுத்த முறை நீ டாக்டரிடம் போகும்போது அம்மாவை அனுப்பட்டுமா? வேண்டாம் என்றால் அதையாவது போன் பண்ணிச் சொல்லு.

அப்பா