தீவு நாடுகளின் இருக்கைக்கு உறுதி கொடுங்கள்: ஐ.நா. பொதுச் சபையின் வல்லரசுத் தூதர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தூதர்களுக்கு,

வணக்கம். கடல் மட்டம் உயர்வதால் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் துவாலு, கிரிபாட்டி, மாலத்தீவு என்ற தீவு நாடுகளின் பெயர்களை நீங்கள் உச்சரிக்கும்போதெல்லாம் குரலில் ஒரு அனுதாபம் ஏறிக்கொள்கிறது. அந்த நாடுகள் உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. தங்களைப் பற்றிய முடிவைத் தாங்களே எடுக்கும் உரிமையைக் கேட்கின்றன. 1960இல் இதே சபை 1514ஆம் தீர்மானத்தில் எழுதிக்கொடுத்த உரிமை அது. அரசியல், பொருளாதாரத் தயார்நிலை போதாது என்று சாக்குச் சொல்லி விடுதலையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது.

உலகத்துக்கு இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்கள் உங்கள் சபையின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1967இல் அங்கே முழங்கியவர் மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ. மால்டா விடுதலை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள். 1982இன் கடல் சட்ட ஒப்பந்தத்தில் அந்தக் கருத்து இடம்பெற்றது. கிடப்பில் கிடந்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற யோசனைக்கு 1989இல் மறுபடி உயிர் கொடுத்தது கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபாகோ.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் கதை இன்னும் பெரிது. 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் சிலர், பருவநிலை விஷயத்தில் அரசுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிடலாம் என்றார்கள். வனுவாட்டு அரசு அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நாடு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச்சில் உங்கள் சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை ஏற்றது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். பெரிய நாடுகள் கேட்கத் தயங்கிய கேள்வி அது.

இனி துவாலு. மக்கள் சுமார் பதினோராயிரம் பேர். தரைக்கடியில் தேங்கும் நன்னீரை எட்டும்வரை குழி தோண்டி, அதில் புலாகா என்ற கிழங்கைப் பயிரிடுவது அவர்கள் வழக்கம். இப்போது உயர் ஓதம் (கடல் நீர் ஏற்றம்) வரும்போது கடல் கரையைத் தாண்டி வரவேண்டும் என்பதுகூட இல்லை. பவளத் தரையின் துளைகள் வழியே உப்புநீர் கீழிருந்து ஊறி மேலே வருகிறது. குழி உவர்க்கிறது, கிழங்கு அழுகுகிறது. அதனால்தான் நிலமே போனாலும் தங்கள் அரசு என்றென்றும் தொடரும் என்று 2023இல் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவுடன் ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். துவாலுவின் அரசுரிமை தொடரும் என்பதையும் ஆஸ்திரேலியா ஏற்கிறது. இரண்டும் மதிக்க வேண்டியவை. ஆனால் வேறு எந்த நாட்டோடும் பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்ற பிரிவும் அதே தாளில் இருக்கிறது. துவாலு தன் விருப்பப்படிதான் கையெழுத்திட்டது. என்றாலும் உயிர் பிழைக்க வழி தேடுபவரிடம் கேட்கக்கூடிய விலையா இது?

இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியேகோ கார்சியாவையும் நினைத்துப் பாருங்கள். படைத்தளத்துக்காக 1968க்கும் 1973க்கும் இடையே சாகோஸ் மக்களை அடியோடு வெளியேற்றினார்கள். அந்தத் தீவுகள் தனக்குரியவை என்ற மொரிசியஸின் பக்கம் 2019இல் சர்வதேச நீதிமன்றமும் உங்கள் சபையும் நின்றன. 2025இல் பிரிட்டனும் மொரிசியஸும் தீவுகளை மொரிசியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டும் பேச்சுவார்த்தை மேசையில் தனி இடம் கிடைக்கவில்லை. இதில் சிறிய நாடான மொரிசியஸுக்கும் பொறுப்புண்டு என்பதை மறைக்க எனக்கு மனமில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். நிலம் மூழ்கினாலும் அரசும் கடல் எல்லையும் தொடரும் என்று பசிபிக் தீவுகள் மன்றம் 2021இலும் 2023இலும் அறிவித்துவிட்டது. ஓர் அரசின் கூறுகளில் ஒன்று மறைந்தாலே அரசு மறைந்துவிடும் என்றாகாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதைப் பொதுச் சபைத் தீர்மானமாக்குங்கள். பருவநிலை நிதியைப் படைத்தளத்தோடும் பாதுகாப்பு ஒப்பந்தத்தோடும் முடிச்சுப் போடாதீர்கள். வேறு நாடுகளின் ஆட்சியில் இருக்கும், தன்னாட்சி பெறாத பகுதிகள் என்று நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் பதினேழு பெயர்கள். அவற்றில் பதினைந்து தீவுகள். குவாமும் நியூ கலிடோனியாவும் அதில் அடக்கம். அந்த மக்களின் விருப்பத்தைக் கேட்டறிய உங்கள் குழுவை அங்கே அனுப்புங்கள். ஆளும் நாடுகள் அதற்குக் கதவைத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தீவு மக்களின் குரலுக்குத் துணை நிற்கும் ஒரு வாசகர்