சாம்பியன் ரீஃப் சொந்தங்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சாம்பியன் ரீஃப் சொந்தங்களுக்கு,

வணக்கம். தை மாதக் கடைசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து, இரண்டு நாள் உங்கள் சாம்பியன் ரீஃப் தெருக்களில் சுற்றிவிட்டுப் போனவள் நான். வீடு திரும்பியதிலிருந்து அப்பாவுக்கு உங்களைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கிளம்பும் அவசரத்தில் பாதிப் பேரிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சிலருடைய பெயரைக் கேட்கவே மறந்துவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படிப்பவர்களுக்கு இன்னார் என்று அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கத்தை மூடியபோது எனக்கு 11 வயது. அந்த வருஷப் பரீட்சை முடிந்த கையோடு சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கோலார் தங்கவயலை விட்டுக் கிளம்பியவர்கள்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தாத்தாவும், அவருக்குப் பின் அப்பாவும் இறங்கி வேலை செய்த சுரங்கம் அது. அதன் பிறகு பங்காரப்பேட்டை வழியாக பெங்களூருக்கு எத்தனையோ தடவை ரயிலில் போயிருக்கிறோம். தங்கவயலுக்குப் பாதை பிரியும் அந்த ஸ்டேஷன் வந்தால் அப்பா ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார். போன தீபாவளிக்கு அவராகவே, "ஒரு தடவ ஷாஃப்ட்டப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டார். சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்தான குழியைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். அப்பாவுக்கு இப்போது 69 வயது. 25 வருஷம் பாறைத் தூளைச் சுவாசித்த நுரையீரல். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். எப்படிக் கூட்டிப்போய் எப்படித் திரும்ப அழைத்து வரப் போகிறேன் என்ற பயத்தோடுதான் வந்தேன்.

பயந்த மாதிரியே ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதற்குள் அவருக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நான் பையில் இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஓடிவந்த ஆட்டோ அண்ணன் கேட்டது ஒரே வார்த்தை: "அண்டர்கிரவுண்டா?" தலையாட்டினேன். "எங்கப்பாவும் இப்படித்தாம்மா" என்று சொல்லி, அப்பாவைக் குனிந்து உட்கார வைத்து முதுகை நீவிவிட்டார். எதிர் டீக்கடை அம்மா கேட்காமலேயே வெந்நீர் கொண்டுவந்தார். அண்ணே, அதற்கப்புறம் இரண்டு நாளும் நீங்கள் வேறு சவாரி எடுக்கவே இல்லை என்பது ஊருக்குக் கிளம்பும்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதிப் பணத்தைத் திருப்பி என் கையிலேயே திணித்துவிட்டீர்கள். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் உங்கள் வீட்டு அண்ணி, அந்த அலுப்போடு எங்களுக்காகக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து அனுப்பினாரே, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்தது, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் தங்கைக்கு. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று "இது எங்க வீடு" என்றால் யாருக்கும் கோபம் வரும். நீ பாயை விரித்து அப்பாவை உட்கார வைத்தாய். அடுப்படிச் சுவரில் உள்ள பாத்திரப் பலகையின் முன் விளிம்பு முழுக்க நாலு விரல் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்திருக்கும். "இது எதுக்குன்னே தெரியலக்கா, பாத்திரம் எடுக்கறப்ப கைய இடிக்குது, இருந்தாலும் கழட்ட மனசு வரல" என்று நீ சொன்னபோது, அப்பா எழுந்து போய் அந்தச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். அது அவர் அடித்தது. கீழே பாறை வெடித்தால் மேலே ஊரே குலுங்கும். பலகையிலிருந்து பித்தளைத் தவலை முதற்கொண்டு உருண்டு விழும். ஒரு ராத்திரி என் தலைக்குப் பக்கத்தில் குண்டான் ஒன்று விழுந்த மறுநாள்தான் அந்தச் சட்டம் வந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் லைனில் இருக்கிற பெண்கள் எல்லாம் கட்டின புடவையோடு ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். அம்மாவும் ஓடுவாள், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு. யார் மேலே வருகிறார்கள் என்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதையெல்லாம் அப்பா உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்கே பாதி அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா இருந்தவரை வீட்டில் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே கரண்ட் வந்த ஊர் நம் ஊர் என்பது எனக்குத் தெரியும். 1965-இல் இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகி பாறையையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ என்கிற நுண்துகளைப் பதிவு செய்ததை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். "ஏதோ பொட்டி பொட்டியா இறக்கினோம், உடையாம இறக்கணும்னு சொன்னாங்கன்னு எங்கப்பா சொல்வாரு" என்று அப்பா சொன்னதும், எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். என் தாத்தாவைப் பற்றி அப்படி ஒரு மரியாதையோடு யாரும் பேசி நான் கேட்டதில்லை, ஐயா.

இனி வேப்பமரத்தடி மாமாக்களுக்கு. அப்பாவின் பெயரைச் சொன்னதும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அவர் முகம் சுருங்கிப் போனது. அப்புறம் தயங்கித் தயங்கி, "சங்கு" என்றார். "டேய், சங்காடா நீ!" என்று ஒரே நேரத்தில் நாலு பேர் எழுந்தீர்கள். ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்கு முன்பே போய் நிற்கிற ஆள் என்பதால் வைத்த பெயராம். இத்தனை வருஷம் எங்களிடம் அவர் சொன்னதே இல்லை.

ஷாஃப்ட் பக்கம் இப்போது யாரையும் விடுவதில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஏற்றத்தில் நின்றால் ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம் நன்றாகத் தெரியும் என்றும் சொன்னீர்கள். அவரால் ஏற முடியாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. எல்லோருக்குமே அறுபதைத் தாண்டிய வயது, இரண்டு பேருக்கு அப்பாவைப் போலவே மூச்சுத் தொந்தரவு. நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்து, எல்லோருமாகச் சேர்ந்து மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போனீர்கள். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு வந்த எனக்குக் கண்ணீரை அடக்க முடியவில்லை.

மேலே போனதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். கோபுரத்து இரும்புச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நீங்களும் பேசவில்லை. பாறைச் சூடு 60 டிகிரிக்கும் மேலே கொதித்த ஆழத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள் நீங்கள். உங்களுக்குள் என்ன ஓடியது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இறங்கும்போது ஒரு மாமா, சுரங்கத்திலிருந்து மேலே வராமலே போன மூன்று பேரின் பெயரைச் சொன்னார். அப்பா நாலாவதாக ஒரு பெயரைச் சேர்த்தார்.

ஆட்டோ அண்ணே, உங்கள் மகள் ஜூன் மாதம் சென்னையில் காலேஜ் சேரப் போவதாகச் சொன்னீர்கள். ஹாஸ்டல் கிடைக்கும்வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். மாடி அறையை ஒழித்து வைக்கச் சொல்லி அப்பா இப்போதே தொந்தரவு செய்கிறார். வேப்பமரத்தடி மாமாக்களில் யாராவது துணைக்கு வந்தால் அவருக்கு இன்னும் சந்தோஷம்.

நன்றியுடன்,
சங்கு மகள்
ஆவடி